சேதாரம் யாருக்கு?

'சேதாரம்' என்ற சொல்லை முதன்முதலில் பில்லில் ஏற்றிய மகானுக்கு நகைக்கடை அதிபர்கள் இன்னும் சிலை வைக்காதது எனக்குப் பெரிய ஆச்சரியம். தமிழில் இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்த சொல் வேறொன்று இருக்க முடியாது. பஞ்ச் டயலாக் எழுதுகிறவர்கூட ஒரு படத்துக்கு ஒரு தடவைதான் சம்பளம் வாங்குகிறார். இந்த நாலெழுத்து வார்த்தையோ, தமிழ்நாட்டில் எந்த ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் தன் பங்கை வாங்கிக்கொண்டுதான் நகர்கிறது.

புத்தகத்தை விமர்சிக்கிறோம். படம் வெளியான வெள்ளிக்கிழமை மத்தியானமே டைரக்டரைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறோம். ஆனால் வீட்டில் பீரோ லாக்கருக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் ஒரு பிரசுரத்தை மட்டும் யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. நகைக்கடை பில். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, அன்றைய விலை, சேதாரம் இத்தனை சதவீதம் (இப்போது ஸ்டைலாக 'வி.ஏ.' என்று போடுகிறார்கள்), செய்கூலி, ஜி.எஸ்.டி. ஏழெட்டு வரிதான். இந்த வாரம் அதைக் கொஞ்சம் விமர்சனம் செய்து பார்ப்போமே.

சேதாரம் என்பதற்கு ஒரு நியாயமான பூர்வீகம் உண்டு. பட்டறையில் பத்தர் தங்கத்தை உருக்குகிறார், கம்பி இழுக்கிறார், அரத்தால் ராவுகிறார், மெருகு போடுகிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பொடி உதிரும். அதற்காகத்தான் மடிமேல் தோலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் பட்டறையைப் பெருக்கினால் அந்தக் குப்பையைக்கூட வீசமாட்டார். சேர்த்து வைத்து, கழுவி, உருக்கி எடுத்துவிடுவார். நகைப் பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அலசிப் பிழைக்கிறவர்களே இருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிக் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நியாயம்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

சேதாரம் 12 சதவீதம் என்று வையுங்கள். இது ஒன்றும் அநியாயமான உதாரணம் இல்லை. சாதாரண நெக்லஸுக்கே கேட்கிறார்கள். ஒரு சவரன் 8 கிராம். அதில் 12 சதவீதம் 0.96 கிராம். ஏறக்குறைய ஒரு கிராம். கல்யாணத்துக்கு 50 சவரன் போடுகிறீர்களா? 48 கிராம். அதாவது முழுசாக ஆறு சவரன் பட்டறையில் 'சேதாரம்' ஆகிப்போய்விட்டது என்று பில் சொல்கிறது. ஆறு சவரன் தங்கம் காற்றில் பறக்கிற பட்டறை எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு நானே அங்கே பெருக்கப் போகிறேன்.

அதுவும் இன்று கடையில் தொங்கும் செயினில் பெரும்பாலானவை மெஷின் செயின்கள். வளையலை மெஷின் வெட்டுகிறது. அச்சில் வார்த்து எடுக்கிற மோதிரம், தோடு இருக்கிறது. மெஷினுக்கு அடியில் உதிர்வதும் திரும்ப உருக்குவதற்குத்தான் போகிறது. சேதம் குறைந்துகொண்டே வருகிறது. சேதாரம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'பிராசஸ் காஸ்டிங்' ஞாபகம் இருக்கும். நார்மல் லாஸ் என்று ஒன்று வரும். தயாரிப்பில் தவிர்க்க முடியாத இழப்பு. அதைச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே ஒரு வரி இருக்கும்: அந்தக் கழிவை விற்றால் என்ன கிடைக்குமோ, அதைச் செலவிலிருந்து கழித்துக் காட்ட வேண்டும். கழிக்காமல் விட்டால் கணக்கே தப்பு. நான் படித்த காலத்தில் அப்படி விட்டவர்களுக்குப் பரீட்சையில் மார்க் போனது. நகைக்கடை பில்லில் அந்தக் கழிவு வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. இந்தப் பாடத்தில் பெயிலானவர்கள்தான் ஊருக்கு நடுவில் ஏழு மாடி ஷோரூம் கட்டுகிறார்கள்.

* * *

இதை நான் திருப்பூரை வைத்து யோசித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. 'வேஸ்ட்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் மிகத் துல்லியமாக அளக்கத் தெரிந்த ஊர் அது.

ஒரு டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வருகிறது என்றால் அங்கே மெர்ச்சண்டைசர் முதலில் போடுவது காஸ்ட் ஷீட். துணி எத்தனை ஜி.எஸ்.எம்., ஒரு பீஸுக்கு எத்தனை கிராம், நிட்டிங்கில் எவ்வளவு போகும், டையிங்கில் எடை எவ்வளவு குறையும், கட்டிங் மாஸ்டர் வெட்டும்போது எவ்வளவு கழியும்... எல்லாம் கிராமில் இருக்கும். கொஞ்சம் கூடுதலாகப் போட்டீர்களோ, ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் பையர் மெயிலில் கேட்பார்: "இந்தத் துணிக்கு வேஸ்டேஜ் ஏன் இத்தனை?" பதில் சொல்லியாக வேண்டும். பீஸுக்கு ஐந்து சென்ட் பேரத்தில் ஆர்டரே கைமாறிவிடும். வெட்டிப்போட்ட துண்டுத் துணியும் வேஸ்ட் ஆவதில்லை. கிலோ கணக்கில் விற்கிறார்கள். மெஷின் துடைக்கப் போகிறது. மறுபடி பஞ்சாகி, ஓப்பன் எண்ட் மில்லில் நூலாகி, பெட்ஷீட்டாகக்கூட உங்கள் கட்டிலுக்கு வந்திருக்கும். காஸ்ட் ஷீட்டில் அந்த வருமானத்துக்கும் கண் இருக்கிறது.

இப்படி ஒரு பையருக்குக் கிராம் கணக்கில் பதில் சொல்லிக் களைத்துப்போன அதே மனிதர், மகளுக்கு நகை எடுக்கக் குடும்பத்தோடு கடைக்கு வருகிறார். ஏ.சி. குளிருகிறது. பாதாம் பால் வருகிறது. "சேதாரம் பதினாலு பர்சன்ட் வருதுங்க. உங்களுக்காகப் பன்னெண்டு போட்டுக்கலாமுங்க." இவர் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. ரெண்டு பர்சன்ட் குறைத்துவிட்டாராம்! பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. விற்கும்போது அரை கிராமுக்குச் சண்டை போடுகிற ஊர், வாங்கும்போது ஆறு சவரனை விட்டுக்கொடுக்கிறது.

திருப்பூர்க்காரர்களைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். நாம் எல்லோருமே இதே ஜாதிதான். தக்காளி கிலோ 150 ரூபாயைத் தொட்ட 2023 ஜூலையில் நாம் எப்படிக் கொந்தளித்தோம்! டி.வி.யில் விவாதம், வீட்டில் ரசத்துக்கு ரேஷன். இதே திருப்பூர் மாவட்டத்து உடுமலை விவசாயி, விலை விழுந்த சீசன்களில் பறிகூலிகூடக் கட்டாமல் தக்காளியை ரோட்டில் கொட்டியது நமக்கு ஒருநாள் செய்தி. பல்லடத்தில் கறிக்கோழிக்கு அறிவிக்கிற கொள்முதல் விலையைத் தினம் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை முடிவு செய்கிறோம். பத்து ரூபாய்க்கு உயிர் போகும். 8,400 ரூபாய்க்குப் பாதாம் பால் குடிப்போம்.

8,400 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? 2025 ஏப்ரலில் சவரன் 70 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த 70 ஆயிரத்துக்கு 12 சதவீதம் போட்டுப் பாருங்கள். 2000-ம் வருடம் சவரன் நாலாயிரத்துக்கும் கீழே இருந்தது. தாராளமாக நாலாயிரம் என்றே வைத்தாலும் அன்றைக்கு அதே 12 சதவீதம் 480 ரூபாய். 2025 ஏப்ரலில் அது பதினேழரை மடங்கு. செயினுக்குக் கண்ணி கோக்கிற வேலை பதினேழரை மடங்கு கஷ்டமாகிவிட்டதா? பத்தரின் கூலி பதினேழரை மடங்கு ஏறியதா? எந்தப் பட்டறைக்காவது போய்க் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இருக்காது.

மேலே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 70 ஆயிரம் ரூபாய்த் தங்கம் உங்கள் கைக்கு வரும்போது 80,752. கடைப் படியை விட்டு இறங்கி, எதிர்ச்சாரியில் இருக்கும் அடகுக் கடைக்குள் நுழைந்தால் அங்கே மதிப்பு மறுபடி 70 ஆயிரத்திலிருந்துதான் ஆரம்பம். ரோட்டைத் தாண்டுவதற்குள் 10,752 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. போட்ட பணத்தைப் பார்க்கவே தங்கம் இன்னும் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏறியாக வேண்டும். இதை 'முதலீடு' என்று சொல்லி விற்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம்.

* * *

விலைக்கும் அடக்கத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளம் நொய்யல் கரைக்குப் புதிதல்ல. இரண்டாயிரம் வருடப் பழசு.

திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே போகும் நொய்யலின் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில், ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்று ஒரு கிராமம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். 1980-களிலிருந்து தோண்டத் தோண்ட அங்கே கிடைத்ததெல்லாம் மணிகள். சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல். முடிந்த மணியும், பாதி வேலை முடிந்த மணியும், துளை போடும்போது உடைந்த மணியும். சுருக்கமாகச் சொன்னால் சங்க காலத்து நகைப் பட்டறை, வேஸ்ட் உட்பட! பெரில் என்கிற அந்தப் பச்சைக்கல், காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூரிலிருந்து வெட்டி எடுத்தது. இன்றைய திருப்பூர் மாவட்டம். அன்றைக்கே ஏற்றுமதி ஏரியா!

அந்தப் பக்கம் ரோமாபுரியில் பிளினி என்றொரு பெரியவர். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர். தன் இயற்கை வரலாற்று நூலில் அவர் ஒரு கணக்குப் போட்டுப் புலம்புகிறார்: இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே அடக்க விலையைப் போல நூறு மடங்குக்கு விற்கிறது என்று. நூறு மடங்கு! கூடவே இன்னொரு குற்றச்சாட்டு: இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் பச்சைக்கல் என்று தள்ளிவிடுகிறார்களாம். சாயம் ஏற்றுகிற கலையும் நொய்யல் பக்கம் இன்று நேற்றுப் பழக்கமில்லை போலிருக்கிறது.

அந்த நூறு மடங்கில் மணிக்குத் துளை போட்டவன் கைக்கு என்ன வந்திருக்கும்? பிளினி எழுதவில்லை. பெரிய மனிதர்கள் வாங்குகிறவன் பக்கக் கணக்கைத்தான் எழுதுவார்கள். ஆனால் இந்தக் காலத்தில் 'கிளீன் க்ளோத்ஸ் கேம்பெய்ன்' என்ற ஐரோப்பிய அமைப்பு அந்தக் கணக்கையும் போட்டது. 29 யூரோ டி-ஷர்ட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். கடையின் பங்கு 17 யூரோ. தைத்தவருக்கு 18 சென்ட். பிளினி காலத்திலிருந்து மாறாத விஷயம் ஒன்று உண்டென்றால் இதுதான்: சரக்கு எங்கே செய்யப்படுகிறதோ அங்கே விலை கிராமில் இருக்கிறது, எங்கே விற்கப்படுகிறதோ அங்கே விலை கதையில் இருக்கிறது.

நடுவில் எது ஏறினாலும் இறங்கினாலும் அடி விழுவது கிராம் பக்கம்தான். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது திருப்பூரே கடையடைத்தது. நூல் விலை ஏறிவிட்டது என்று ஒத்துக்கொண்ட விலையைத் தூக்கிக் கேட்க முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோதும் பையர்கள் கேட்ட முதல் கேள்வி, 'நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள்?' என்பதுதான். "சேதாரம் பன்னெண்டு பர்சன்ட் ஆகுதுங்க" என்று அவர்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்!

* * *

கதையில் விலை என்று சொன்னேன். அதற்கு ஒரு ஐரிஷ் உதாரணம்.

அயர்லாந்தில் 1850-ல் பெட்டிஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் ஒரு பழைய ஊசிப் பதக்கம் கிடைத்தது. மேலாடையைச் சேர்த்துக் குத்திக்கொள்வது. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசி, நூலிழை போலத் தங்க வேலைப்பாடும், அம்பரும், கண்ணாடியும் வைத்த அற்புதம். சுமார் ஆயிரத்து முந்நூறு வருடப் பழசு. டப்ளின் நகைக்கடைக்காரர் வாட்டர்ஹவுஸ் கைக்கு அது வந்தது. அவர் செய்த முதல் காரியம், பெயர் வைத்தது: 'தாரா பதக்கம்'. தாரா என்பது அயர்லாந்தின் பழைய ராஜாக்களோடு சேர்த்துப் பேசப்படும் குன்று. பதக்கம் கிடைத்த இடத்துக்கும் தாராவுக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பெயரில் ராஜ வாசனை வந்துவிட்டது. அச்சு அசலாக நகல்கள் செய்து விற்றார். 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்தார். விக்டோரியா ராணிக்கே நகல் போனது. 'பாரம்பரிய ஐரிஷ் நகை' என்ற ஃபேஷன் பிய்த்துக்கொண்டு போனது.

அது எந்த வருடம் என்பதைக் கவனித்தீர்களா? 1845-ல் ஆரம்பித்த உருளைக்கிழங்குப் பஞ்சம் இன்னும் முழுசாக ஓயாத காலம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு ஜனம் கப்பலேறி ஊரைவிட்டே போனது. சாப்பாட்டுத் தானியம் வாங்க வழியில்லாமல் ஜனம் சாகும் தீவிலிருந்து தானியம் ஏற்றுமதியும் ஆனது. ஒரு பக்கம் அன்றாடச் சாப்பாட்டின் விலை ஆளைக் கொன்றது. இன்னொரு பக்கம் பாரம்பரியம் என்ற பெயரில் பதக்கம் கண்காட்சியில் மின்னியது.

வாட்டர்ஹவுஸை வில்லன் ஆக்க வேண்டியதில்லை. நகல்தான் என்று சொல்லித்தான் விற்றார். அசல் பதக்கம் இன்று டப்ளின் நேஷனல் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அங்கே இன்னொரு நகையும் உண்டு. கால்வே நகரத்தை ஒட்டிய கிளாடா என்ற மீனவர் குப்பத்தின் பெயரால் வழங்கும் மோதிரம். இரண்டு கைகள், நடுவே இதயம், மேலே கிரீடம். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் வழக்கம் உண்டு. பாரம்பரியம் என்றால் அதுதான். விலைச் சீட்டு இல்லாமல் கைமாறுவது.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். பாட்டியின் காசுமாலையும் கெம்புக்கல் தோடும் பெட்டியில் இருக்கின்றன. பத்தர் கையால் செய்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் என்ன பெயர் வைக்கிறார்கள்? 'பழைய தங்கம்.' கல்லைத் தட்டி எடுத்து, அழுக்குக்குக் கழித்து, உருக்கிவிடுகிறார்கள். அந்தக் காசில் வாங்கச் சொல்லிக் காட்டுவது என்ன தெரியுமா? 'ஆன்ட்டிக் கலெக்ஷன்.' போன மாசம் வார்த்து, வேண்டுமென்றே மங்கலாக்கி, பழசு மாதிரி ஆக்கிய புதுசு. சேதாரம் இருபது சதவீதம் கேட்டாலும் ஆச்சரியமில்லை. நிஜப் பாரம்பரியத்தைக் கழிவு விலைக்குப் போட்டுவிட்டு, டூப்ளிகேட் பாரம்பரியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கி வருகிறோம். இதைவிடக் கச்சிதமான ஏமாற்றுக் காட்சியை எந்த டைரக்டரும் எடுத்துவிட முடியாது.

அட்சய திருதியை? நம் அம்மாக்களின் அம்மாக்கள் அந்த நாளில் உப்பும் மஞ்சளும் வாங்கியிருப்பார்கள், தானம் கொடுத்திருப்பார்கள். க்யூவில் நின்று நாணயம் வாங்கச் சொல்லிக் கொடுத்தது விளம்பரம். கடந்த முப்பது வருடங்களுக்குள் வளர்ந்த 'தொன்றுதொட்ட வழக்கம்' அது. 'கே.டி.எம். நகை' என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே, கே.டி.எம். என்பது பற்றவைக்கச் சேர்க்கும் காட்மியம். அந்தப் புகை பத்தரின் நுரையீரலுக்குள் போனது. பெருமை நம் கழுத்துக்கு வந்தது.

இந்த வியாதி நகையோடு நிற்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 'பாரம்பரிய' என்ற லேபிள் ஒட்டினால் எண்ணெய்க்கு ஒரு விலை, கருப்பட்டிக்கு ஒரு விலை, மண்சட்டிக்கு ஒரு விலை. மரச்செக்கில் எண்ணெய் குறைவாகத்தான் இறங்கும், அடக்கம் கூடத்தான் செய்யும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கொடுக்கிற கூடுதல் காசில் எண்ணெய்க்கு எவ்வளவு, அந்த வார்த்தைக்கு எவ்வளவு? 'அதான் எம்.ஆர்.பி. போட்டிருக்கே' என்பீர்கள். எம்.ஆர்.பி. ஏதோ சர்க்கார் நிர்ணயித்த நியாய விலை என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து மாதிரி சில சரக்குகள் தவிர, அந்த எண்ணை முடிவு செய்வது தயாரிக்கிறவரேதான். அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். எவ்வளவு அச்சடிக்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. சேதாரத்துக்கும் அப்படியே. தங்கத்தின் தரத்துக்குச் சட்டம் உண்டு. சேதாரத்துக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் கிடையாது.

* * *

கடைக்காரர் தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? "தங்கத்தோட விலை உலகத்துக்கே தெரியும் சார். அதுல ஒரு பைசா கூட வைக்க முடியாது. வாடகை, கரன்ட் பில், நூறு பேர் சம்பளம், கோடிக்கணக்கில் சரக்குக்கு வட்டி, நடிகைக்குச் சம்பளம்... இதெல்லாம் எங்க போய் எடுக்கறது?" நியாயமான கேள்வி. லாபம் சம்பாதிக்கத்தானே கடை வைத்திருக்கிறார்? அதைக் குறை சொல்லவில்லை. என் சண்டை அந்தப் பெயரோடுதான். 'கடைச் செலவும் லாபமும்' என்று பில்லில் போடுங்கள். அதிகமா, குறைச்சலா என்று நாங்கள் பேரம் பேசிக்கொள்கிறோம். உதிராத பொடியை உதிர்ந்ததாக எழுதாதீர்கள்.

'நகையே வாங்காதே' என்று உபதேசம் செய்யவும் நான் வரவில்லை. நகையை ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களுக்குக் கொங்கு நாட்டு வரலாறு தெரியாது. திருப்பூரில் எத்தனையோ பவர் டேபிள்கள் அம்மிணிகளின் வளையலில் முளைத்தவை. 2011-ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 லாக்டவுனிலும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது தோடும் செயினும்தான். பாங்க் மேனேஜர் முகம் கொடுக்காத பெண்ணுக்கு அவள் கழுத்துதான் பாங்க். அதனால்தான் இந்தக் கணக்கு முக்கியம். ஆபத்துக் காலத்து ஒரே சேமிப்பில், கணக்கை ஆரம்பிக்கும் முன்பே பதினைந்து சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிற பாங்க்கை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இந்தச் சேதாரத்தைக் கடைசியில் யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

'சுமங்கலித் திட்டம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசாங்கத் திட்டம் அல்ல. திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் இருந்த ஏற்பாடு. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதினாலு பதினைந்து வயதில்கூடப் பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி மில்லில் உழைக்க வேண்டும். முடிவில் 30 ஆயிரமோ 50 ஆயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். கல்யாணத்துக்கு நகை வாங்கிக்கொள்ளலாம்! உடம்புக்கு முடியாமல் பாதியில் போனால் அந்தப் பணம் பெரும்பாலும் கிடையாது. 2011-ல் சோமோ என்ற நெதர்லாந்து ஆய்வு அமைப்பு இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கை ஐரோப்பிய பிராண்டுகளையே திடுக்கிட வைத்தது.

அந்தப் பெண்ணின் பக்கம் இருந்து ஒரு கணக்குப் போடுவோம். 2006-ல் மில்லுக்குள் போகிறாள். முடிவில் 40 ஆயிரம் என்று பேச்சு. அப்போது சவரன் ஆறாயிரம், ஏழாயிரம். ஆறு சவரன் கனவோடு ஸ்பின்னிங் ஃப்ரேமுக்கு முன்னால் நிற்கிறாள். 2009 முடிவில் வெளியே வரும்போது சவரன் 12 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கையில் அதே 40 ஆயிரம். மூன்று சவரன் சொச்சம். அதிலும் சேதாரம், செய்கூலி போனால் மூன்றுகூடத் தேறாது. மூன்று வருட இளமையில் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து அவள் சம்பாதித்ததில் ஒரு பங்கு, பட்டறையில் உதிராத பொடிக்காகப் போய்விட்டது. சேதாரம் என்ற சொல்லுக்கு நிஜமான அர்த்தம் இதுதானோ என்று தோன்றுகிறது.

அரசாங்கமும் ரொம்ப வருடம் இந்தத் தராசிலேயேதான் நின்றது. தாலிக்குத் தங்கம் என்று 2011-ல் 4 கிராம் கொடுத்தார்கள், 2016-ல் 8 கிராம் ஆக்கினார்கள். 2022-ல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். தாலிக்குத் தங்கம் கிடைக்காமல் தவிக்கும் ஏழை வீடுகள் உண்டு என்று அப்போது எழுந்த குரல்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் ஓட்டு அந்த ஆயிரத்துக்குத்தான். படிப்பில் சேதாரம் பிடிக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

சரி, நகைக்கடைக்குப் போகத்தான் போகிறீர்கள். போங்கள். போகும்போது நாலு விஷயத்தை மடியில் முடிந்துகொண்டு போங்கள்.

ஒன்று, சேதாரத்தைச் சதவீதத்தில் கேட்காதீர்கள். "கிராமுக்கு எத்தனை ரூபாய்?" என்று கேளுங்கள். சதவீதம் சின்னதாகத் தெரியும். ரூபாய் நிஜ சைஸில் தெரியும். இரண்டு, கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குக் காசு. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். மூன்று, 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு, அங்கேயே, அவர்கள் முன்னாலேயே பாருங்கள். வெட்கப்படாதீர்கள். நாலு, பாட்டியின் நகையை உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள்.

கடைப் பையன் கொஞ்சம் முகம் சுளிப்பான். "யாரும் இப்படிக் கேக்கறதில்லீங்களே" என்பான். அப்போது திருப்பூர் கட்டிங் டேபிளில் கத்தரித் துண்டுகளைக் கோணிப்பையில் அள்ளி, தராசில் நிறுத்தி எழுதிக்கொள்கிற அந்த ஹெல்ப்பர் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தினக் கூலிக்காரி. கிலோ சில பத்து ரூபாய் பெறுகிற துண்டுத் துணிக்கே அவள் கணக்கு வைக்கிறாள்.

நீங்கள் வாங்கப் போவது தங்கம், தெரியும்தானே?